முகத்துக்கு ஓர் ஊர், குரலுக்கு ஓர் ஊர்

தமிழ்ப் படத்தின் நாயகிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கும் தமிழ்ப் பேசும்படத்துக்கும் ஒரே வயது. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ படத்தில் திருவையாற்றுக்காரரான டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். மக்கள் அதைக் குறையாக நினைக்காமல் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அதன் பிறகான தொண்ணூற்றுச் சொச்ச ஆண்டுகளில் திரையுலகினர், விமர்சகர்கள், அரசியல் மேடைப் பேச்சாளர்கள், ரசிகர்கள் என்று எல்லோரும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அவற்றை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றையும் ஒரே ஒரு வாழ்க்கையில் வைத்து உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. அந்த வாழ்க்கை, புதுச்சேரியில் பிறந்து தமிழ் பேசி வளர்ந்து இந்தித் திரையில் பெயர் பெற்ற பிரெஞ்சு நடிகை கல்கி கேக்லானுடையது. தமிழ் இதழ்கள் பெரும்பாலும் கோச்லின் என்று எழுதுவது இவரைத்தான்.

நீலகிரியிலிருந்து மும்பைக்கு

கல்கி 1984 ஜனவரி 10 அன்று புதுச்சேரியில் பிறந்தார். பெற்றோர் ஜோயல் கேக்லானும் பிரான்சுவாஸ் அர்மாந்தியும் பிரான்சிலிருந்து வந்தவர்கள். ஈபிள் கோபுரத்தின் முதல் வரைபடத்தைத் தீட்டிய பொறியாளர் மோரிஸ் கேக்லான் இந்தக் குடும்பத்து முன்னோர். ஆரோவில்லில் சில காலம் வாழ்ந்த குடும்பம் பிறகு ஊட்டிக்கு அருகே கல்லட்டிக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்கே சிறு பறக்கும் ஊர்திகளை வடிவமைத்தார். வீட்டில் பிரெஞ்சும், பள்ளியில் ஆங்கிலமும், வெளியில் தமிழுமாகக் குழந்தைப் பருவம் கழிந்தது. ஊட்டி ஹெப்ரான் பள்ளியில் படிப்பை முடித்து, பதினெட்டு வயதில் லண்டன் போய்க் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் நாடகம் பயின்றார். இந்தி இவர் பின்னாளில் கற்றுக்கொண்ட மொழி.

2009-இல் அனுராக் காஷ்யப்பின் ‘தேவ் டி’ வந்தது. தேவதாஸ் கதையின் சந்திரமுகி அதில் தில்லிச் சந்து ஒன்றில் வாழும் கலப்பினப் பெண்ணாக மாறியிருந்தாள். அந்த வேடம் கல்கிக்குச் சிறந்த துணை நடிகைக்கான பிலிம்பேர் விருதைத் தந்தது. அதே ஆண்டில் பிரசாந்த் பிரகாஷுடன் சேர்ந்து எழுதிய ‘ஸ்கெலிட்டன் உமன்’ நாடகத்துக்கு ‘தி இந்து’ நாளிதழின் மெட்ரோபிளஸ் நாடகாசிரியர் விருது கிடைத்தது. தொடக்கத்திலேயே இவர் நடிகையாகவும் எழுத்தாளராகவும் அறிமுகமானதை இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தகப்பனைத் தேடி மும்பைக்கு வரும் ஆங்கிலேயப் பெண்ணின் கதையான ‘தட் கேர்ள் இன் எல்லோ பூட்ஸ்’ படத்தின் திரைக்கதையிலும் இவருக்குப் பங்கு உண்டு. தனக்கேற்ற வேடம் இல்லாத இடத்தில் தானே ஒன்றை எழுதிக்கொண்டவர் என்று இதை வாசிக்க இடம் இருக்கிறது.

இவருடைய இந்திப் படங்களை வரிசைப்படுத்தினால் ஒரு மாற்றம் தென்படும். முதல் சில ஆண்டுகளில் முகத்துக்கு விளக்கம் சொல்லும் வேடங்களே வந்தன. பாதி வெள்ளைக்காரப் பெண், வெளிநாட்டிலிருந்து வந்தவள், கலப்பு மணத்தில் பிறந்தவள் என்று கதை முதலில் காரணம் சொல்லிவிட்டுத்தான் மேலே நகரும். திபாகர் பானர்ஜியின் ‘ஷாங்காய்’ (2012) படத்திலும் இந்தத் தேவை இருந்தது. ஆனால் ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ (2011), ‘யே ஜவானி ஹை தீவானி’ (2013) போன்ற பெரும் வணிகப் படங்களில் அவர் இந்தியப் பெயர் கொண்ட இந்தியப் பெண்ணாக வந்தார், கதை எந்த விளக்கமும் தரவில்லை. ஷோனாலி போஸின் ‘மார்கரீட்டா வித் எ ஸ்ட்ரா’ படத்தில் மூளை முடக்குவாதம் கொண்ட லைலா என்ற தில்லிக் கல்லூரிப் பெண்ணாக நடித்தார். அந்த லைலாவின் தாயாக நடித்தவர் நம் ரேவதி. பார்ப்பவர்கள் இவர்களைத் தாயும் மகளுமாக ஏற்றுக்கொண்டார்கள். 63-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கல்கிக்குக் கிடைத்தது.

தமிழ்த் திரையில் இவருடைய பதிவு மிகச் சிறியது. ‘நேர்கொண்ட பார்வை’ (2019) படத்தின் ஒரு பாடலில் மட்டும் தோன்றினார். அப்போது அவருக்கு வயது 35. ‘பாவக் கதைகள்’ (2020) தொகுப்பில் விக்னேஷ் சிவன் இயக்கிய பகுதியில் பெனலப்பி என்ற வெளியூர்த் தோழி. விஷ்ணுவர்தனின் ‘நேசிப்பாயா’ (2025) படத்தில் வழக்கறிஞர். தமிழ்நாட்டு மலைக் கிராமம் ஒன்றில் தமிழ் கேட்டு வளர்ந்தவர், பிறகு கற்ற மொழியில் நாயகியானார். முதலில் கற்ற மொழியில் விருந்தாளியாகவே இருக்கிறார். இந்த முரண்தான் நாம் எடுத்துக்கொண்ட பழைய கேள்வியை மறுபடி திறக்கவைக்கிறது.

‘குரல்தான் நடிகை’ என்ற நிலைப்பாடு

பதில்களில் மூத்தது இது. மௌனப் படக் காலத்தில் நாயகியின் தாய்மொழி யாருக்கும் பொருட்டில்லை. குடும்பப் பெண்கள் கேமராவுக்கு முன் நிற்கத் தயங்கிய அந்த நாட்களில் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் புராண நாயகிகளாக நடித்தார்கள். பம்பாயில் ரூபி மையர்ஸ் சுலோசனா ஆனார். ரெனி ஸ்மித் சீதாதேவி ஆனார். படம் பேசத் தொடங்கியதும் இவர்கள் பலரின் காலடியில் நிலம் நழுவியது. தமிழில் அந்த இடத்தைப் பிடித்தவர்கள் நாடக மேடையிலிருந்தும் இசைக் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள்: கே. பி. சுந்தராம்பாள், எம். எஸ். சுப்புலட்சுமி, டி. ஆர். ராஜகுமாரி. பாட்டும் வசனமும் அவர்கள் தொண்டையிலிருந்தே வந்தாக வேண்டும். ‘நந்தனார்’ (1935) படத்துக்குச் சுந்தராம்பாள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் அவருடைய குரலுக்குக் கொடுக்கப்பட்ட விலை என்று சொல்வதில் மிகை இல்லை.

1938-இல் ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ பின்னணிப் பாட்டை அறிமுகப்படுத்தியது. முகத்திலிருந்து பாட்டு பிரிந்தது. வசனம் பிரிவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. குண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த சாவித்திரியும், திருவாங்கூரிலிருந்து வந்த பத்மினியும், பெங்களூரிலிருந்து வந்த சரோஜாதேவியும் தங்கள் தமிழைத் தாங்களே பேசினார்கள். சரோஜாதேவியின் கன்னட வாடை வீசும் கொஞ்சு தமிழை ரசிகர்கள் குறை சொல்லாததோடு, ‘கன்னடத்துப் பைங்கிளி’ என்று பட்டமும் சூட்டினார்கள். தமிழ் ரசிகர் வேற்று வாடையைப் பொறுக்கமாட்டார் என்று இன்று தயாரிப்பாளர்கள் சொல்லும் காரணத்துக்கு எதிராக இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

பிறகு வந்த காலத்தில் வசனமும் கழன்றுகொண்டது. மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) நல்ல எடுத்துக்காட்டு. திருநெல்வேலிச் சீமையின் இஸ்லாமியப் பெண்ணாக நடித்தவர் நேபாளத்தைச் சேர்ந்த மனிஷா கொய்ராலா. அவருக்குக் குரல் தந்தவர் அனகாபள்ளியில் பிறந்த நடிகை ரோகிணி. சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் சவிதா ரெட்டி, நயன்தாராவுக்குத் தீபா வெங்கட், சமந்தாவுக்குச் சின்மயி என்று குரல்களின் தனி வரிசையே உருவாயிற்று. படப்பிடிப்பில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை வரி வரியாக எடுத்துக்கொடுப்பார். அதற்கு ‘ப்ராம்ட்’ என்று பெயர். உதடு அசைந்தால் போதும், மற்றதை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

குரல்தான் நடிகை என்று சொல்பவர்கள் இந்த நடைமுறையை ஒரு இழப்பாகப் பார்க்கிறார்கள். எனக்கும் அவர்கள் பக்கமே மனம் சாய்கிறது. மூச்சு வாங்குவதும், சொல்லுக்கு நடுவே தயங்குவதும், குரல் உடைவதும் நடிப்பின் பாதி. ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) படத்தில் தெலுங்குக்காரரான சரிதாவின் கரகரத்த குரலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பெங்களூரில் வளர்ந்த பிரியாமணி ‘பருத்திவீர’னில் மதுரை வட்டாரப் பேச்சைத் தானே பேசி தேசிய விருது வாங்கினார். ஊர் தடையாக இருக்கவில்லை. உழைக்கத் தயாராக இருந்தால் குரல் வரும்.

ஆனால் இந்த நிலைப்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. இது எது நல்லது என்பதைச் சொல்கிறது, ஏன் இப்படி நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. சென்னையிலேயே பிறந்து வளர்ந்த த்ரிஷாவுக்கும் ‘கில்லி’, ‘விண்ணைத்தாண்டி வருவாயா’, ‘96’ என்று பல படங்களில் பிறரே குரல் கொடுத்தார்கள். எனவே மொழி தெரியாமை மட்டும் இரவல் குரலுக்குக் காரணமாக இருக்க முடியாது. மறுபக்கம், தமிழ் தெரிந்த கல்கிக்கு அந்தத் தகுதி எந்தக் கதவையும் திறந்ததாகப் பதிவு இல்லை. குரல் தகுதியே இல்லாத ஒரு சந்தையில் குரலைக் கொண்டுபோய் என்ன செய்வது?

சந்தைக் கணக்கு

திரைத்துறையினர் வழக்கமாகத் தரும் விளக்கம் இது. பழைய மதராஸ் நான்கு மொழிப் படங்களுக்குத் தலைநகரம். வடபழனி, கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் காலையில் தமிழுக்கும் மாலையில் தெலுங்குக்கும் கால்ஷீட் கொடுத்த நாயகி ஒருவருக்கு இரண்டு சந்தை இருந்தது. பின்னாளில் அந்தச் சந்தை மும்பை வரை நீண்டது. இந்தியில் அறிமுகமான முகத்தை வைத்தால் டப்பிங் உரிமையும் தொலைக்காட்சி உரிமையும் சேர்ந்து விலைபோகும்.

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் முழுமையாக இல்லை. இந்தியில் விருது வாங்கிய, பெரும் வெற்றிப் படங்களில் நடித்த, கூடவே தமிழும் தெரிந்த ஒருவர் இந்தக் கணக்குப்படி முதல் வரிசையில் நின்றிருக்க வேண்டும். குஷ்பு, சிம்ரன், ஹன்சிகா போன்றோர் இந்தியில் பெரிய இடத்தைப் பிடிக்கும் முன்பே இங்கே நட்சத்திரங்கள் ஆனார்கள். சந்தை மதிப்பு அவர்களுக்கு இங்கேதான் உண்டாயிற்று. ஆகவே சந்தைக்கு முன்னாலேயே வேறு ஏதோ ஒரு தேர்வு நடந்துவிடுகிறது.

நிறம்

அந்தத் தேர்வு தோலின் நிறத்தில் நடக்கிறது என்பது மூன்றாவது நிலைப்பாடு. பெண் பார்க்கப் போகிற வீட்டில் ‘பொண்ணு செவப்பா’ என்று கேட்கும் சமூகத்தின் திரையும் அதையேதான் கேட்கும் என்கிறார்கள் இவர்கள். நாயகன் கறுப்பாக இருக்கலாம். அது அவனுடைய மண்வாசனைக்குச் சான்றாகக்கூட மாறும். நாயகிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. ‘காக்கா முட்டை’யில் குப்பத்துத் தாயாக வந்த ஐஸ்வர்யா ராஜேஷ், நிறத்துக்காகத் தான் ஒதுக்கப்பட்டதைப் பொது மேடையிலேயே பேசியிருக்கிறார். சென்னைப் பெண்ணுக்குச் சென்னை வேடம் கிடைக்கவே போராட வேண்டியிருந்தது என்பதை வாதத்துக்கான சான்றாக மட்டும் எடுத்துக்கொண்டு கடந்துபோக மனம் வரவில்லை. அது ஒரு அநீதி.

இந்த விளக்கத்துக்கு வலு அதிகம். ஆனாலும் கல்கியின் கதை இதை ஒரு விதத்தில் திருத்துகிறது. வெண்மைதான் அளவுகோல் என்றால் அளவின் உச்சியில் இருப்பவருக்கு வாய்ப்பு குவிந்திருக்க வேண்டும். இதற்கு எதிர்ச்சான்றாக எமி ஜாக்சனைச் சொல்வார்கள். மேன் தீவில் பிறந்த அவர் ‘மதராசபட்டினம்’ (2010) படத்தில் ஆங்கிலேய ஆளுநர் மகளாக அறிமுகமாகி, பிறகு ‘தெறி’யில் (2016) மலையாளி ஆசிரியையாக நடித்தார். இந்தியப் பெண்ணாக மாற்றத் தலைமுடியின் கருமையும் ஒப்பனையும் இரவல் குரலும் போதுமாயிருந்தன.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஊகம் பிறக்கிறது. திரை கேட்பது எப்படியும் வடிவம் மாற்றத்தக்க ஒரு வெளுப்பை. எமியின் முகத்துக்கு இங்கே முன்கதை கிடையாது, எந்தக் கதையையும் அதன்மேல் எழுதலாம். கல்கியிடம் புதுச்சேரி இருக்கிறது, நீலகிரி இருக்கிறது, பேசினால் தமிழ் வருகிறது. சொந்தக் கதை உள்ள முகத்தின்மேல் இன்னொரு கதையை எழுதுவது கடினம். இதை முடிவாகச் சொல்லத் துணியவில்லை. இரண்டு வாழ்க்கைகளை வைத்து விதி வகுக்க முடியாது.

‘கேள்வியே தவறு’ என்பவர்கள்

சினிமா இடம்பெயர்ந்தவர்களின் கலை, அதில் யார் எந்த ஊர் என்று கேட்பதே குறுகல் என்பது நான்காவது நிலைப்பாடு. இவர்கள் கையில் நல்ல சான்றுகள் இருக்கின்றன. தமிழ் அறியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் ‘சதி லீலாவதி’ (1936) முதல் ‘மந்திரி குமாரி’ (1950) வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். பிரெஞ்சுத் திரையின் புகழ்பெற்ற முகங்களில் பலரும் பிரான்சில் பிறந்தவர்கள் அல்லர்: அன்னா கரீனா டென்மார்க், ரோமி ஷ்னைடர் வியன்னா, ஜேன் பர்கின் லண்டன், ஜீன் சீபெர்க் அமெரிக்கா.

இந்த ஒப்பீடு சரியானதுதான், ஆனால் அதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சீபெர்க்கும் பர்கினும் தங்கள் ஆங்கில வாடையோடே பிரெஞ்சு பேசினார்கள். அந்த வாடையே அவர்களுடைய அடையாளமாக நிலைத்தது. இத்தாலி வேறு வழியில் போனது. துனிஸ் நகரில் பிரெஞ்சு பேசி வளர்ந்த கிளாடியா கார்டினாலேவுக்குத் தொடக்க ஆண்டுகளில் இத்தாலியப் படங்களில் வேறொருவர் குரல் தந்தார். பெலினியின் ‘எட்டரை’ (1963) படத்தில்தான் அவருடைய சொந்தக் குரல் இத்தாலியில் ஒலித்தது. ஆக, வெளியூர் நடிகையை வரவேற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆளை முழுதாக அழைக்கிறது. மற்றொன்று முகத்தை மட்டும் அழைத்துக் குரலை வாசலில் நிறுத்திவிடுகிறது. சரோஜாதேவி காலத்தில் கோடம்பாக்கம் முதல் வழியில் இருந்தது, பிறகு இரண்டாவது வழிக்கு மாறியது. ‘எல்லோருக்கும் பொது’ என்ற பெருமிதம் இந்த மாற்றத்தைக் கண்டுகொள்வதில்லை.

புதுச்சேரி எங்கே போனது?

மேலே சொன்ன நான்கும் நடிகையைப் பற்றியே பேசுகின்றன. வேடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கல்கி போன்ற ஒருவர் தமிழ் பேசி நடிக்க வேண்டுமானால் அப்படி ஒரு பெண் தமிழ்க் கதையில் இருக்க வேண்டும். வாழ்க்கையில் அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான ஒப்படைப்பு முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் இடம் தந்தது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே பிரெஞ்சுத் தேர்தல்களில் வாக்களிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர், தமிழ் பேசும் பிரெஞ்சு வெள்ளையர், ஆரோவில்லில் பிறந்த பல நாட்டுப் பிள்ளைகள் என்று கலந்து கிடக்கும் ஊர் அது.

தமிழ்ப் படங்களுக்கோ புதுச்சேரி என்றால் மஞ்சள் சுவரும் கடற்கரைச் சாலையும் மலிவான மதுவும்தான். புதுச்சேரியைக் களமாகக் கொண்ட ‘பிரின்ஸ்’ (2022) படத்தில் நாயகனின் காதலி ஆங்கிலேயப் பெண். நடித்தவர் உக்ரைன் நாட்டு மரியா ரியாபோஷப்கா. உள்ளூரில் தமிழ் பேசும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இருக்கக்கூடும் என்ற எண்ணம் கதைக்குத் தேவைப்படவில்லை.

பிரான்சின் பக்கத்திலிருந்து நேரெதிரான ஒன்று நடந்தது. ஜாக் ஓதியாரின் ‘தீபன்’ 2015-இல் கான் விழாவில் தங்கப் பனை வென்றது. ஈழத்திலிருந்து பாரிஸ் புறநகருக்குப் போன அகதிகளின் கதை, பெரும்பகுதி வசனம் தமிழ். எழுத்தாளர் ஷோபாசக்தியும், சென்னை நாடக மேடையிலிருந்து வந்த காளீஸ்வரி சீனிவாசனும் முதன்மை வேடங்களில் நடித்தார்கள். தமிழ் தெரியாத இயக்குநர், தமிழை அதைப் பேசுகிறவர்களிடமே விட்டுவைத்தார். காளீஸ்வரிக்கு அதுவே முதல் படம். ஒரு தமிழ் நடிகையின் முகத்தையும் குரலையும் பிரிக்காமல் எடுத்துக்கொண்டது ஒரு பிரெஞ்சுப் படம் என்பதைக் கோடம்பாக்கம் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

வேடம் இல்லை என்ற இந்த ஐந்தாவது விளக்கமும் முழுப் பதில் ஆகாது. வேடத்தை எழுதுகிறவர்களும் சந்தைக்கும் நிறத்துக்கும் கட்டுப்பட்டவர்களே. ஆயினும் இந்தித் திரை கல்கியின் முகத்துக்கு விளக்கம் கேட்பதை நிறுத்த ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்தான் பிடித்தன என்பதை மறக்கக் கூடாது. அங்கும் நிற வெறி உண்டு, சந்தை நெருக்கடி உண்டு. இருந்தும் சில இயக்குநர்கள் எழுதினார்கள்.

மண்ணூரிலிருந்து பார்த்தால்

வெளியூரிலிருந்து வந்தவர் பேசும் தமிழுக்கு இடம் உண்டா என்ற இந்தக் கேள்வி திரைக்கு வெளியே எங்கே வலுவாக எழுகிறது என்று பார்த்தால் சென்னைக்கு மேற்கே போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் பிரெஞ்சு மூலதனத்துக்குக் கால் நூற்றாண்டு வயது. செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. ரெனோ–நிஸான் கார் ஆலை 2010-இல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. மண்ணூர், வல்லம், மாத்தூர் என்று இந்தப் பட்டையின் கிராமங்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் வாடகை அறைகளில் தங்கி ஷிஃப்டுக்குப் போகிறார்கள். பெட்டிக்கடையிலும் கம்பெனி பஸ்ஸிலும் உடைந்த தமிழ் புழங்குகிறது. கடைக்காரர் அந்தத் தமிழைப் புரிந்துகொண்டு சாமானை எடுத்துக் கொடுக்கிறார்.

இவர்களைப் பற்றிய படங்களில் வடநாட்டுத் தொழிலாளி பெரும்பாலும் சிரிப்பு மூட்டவோ சந்தேகம் கிளப்பவோதான் வருகிறார். உடைந்த தமிழ் பேசும் தொழிலாளியைப் பார்த்துச் சிரிக்கும் அதே படத்தில், தமிழே பேசாத நாயகிக்குத் தெளிவான தமிழ்க் குரல் இரவலாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை என்று கருத இடமிருக்கிறது. தமிழைக் கற்றுக்கொண்டிருக்கும் குரலுக்குத் திரையில் மரியாதையான இடம் இன்னும் அமையவில்லை. சரோஜாதேவிக்கு இருந்த அந்த இடம் எப்போது, யாரால் மூடப்பட்டது என்பது விரிவாக ஆராயப்பட வேண்டியது. டப்பிங் தொழில்நுட்பம் மலிவானதாலா, நாயகி வேடமே பாட்டுக்கும் நான்கு காட்சிகளுக்கும் சுருங்கியதாலா, நாயகன் ஊதியம் பெருகியதாலா? மூன்றுக்கும் ஆதரவு உண்டு. எது முதல் காரணம் என்பதில் கருத்து ஒற்றுமை இல்லை.

நேரடி ஒலிப்பதிவு மீண்டும் பழக்கத்துக்கு வருவதும், இணையத் தொடர்களில் நீண்ட வேடங்கள் எழுதப்படுவதும் நிலைமையை மாற்றலாம். அப்படி மாறினால் முதலில் பயனடையப்போவது கல்கியாக இல்லாமலும் போகலாம். தொழிற்பட்டையின் அரசுப் பள்ளிகளில் வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசிவிட்டு வந்து தமிழில் பாடம் படிக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் பத்து ஆண்டுகளில் அவர்களில் ஒருத்தி நடிக்க வாய்ப்புக் கேட்டு வடபழனிக்கு பஸ் ஏறக்கூடும். அவள் பேசும் தமிழை அப்போது யார் ஒலிப்பதிவு செய்வார்கள்?